தெலவே அடிகளாரின் தோட்டம்

ஆனி பிறந்தால் சுரண்டையில் காற்று மாறிவிடும். மேற்கே குற்றாலமலையின் முடியில் மேகம் இறங்கும்; முற்றத்தில் காயப்போட்ட துணியில் ஈரம் தட்டும். அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியது என்ற செய்தி கடைத்தெருவை எட்டியதுமே வேன்கள் புறப்பட்டுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்புவோம். அருவிக்கு மேலே அந்த மலையில் என்ன பூத்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே. ஐம்பது ஆண்டுகளாகக் குற்றாலம் போய்வரும் நானும் பார்த்ததில்லை.

நமக்குச் சாரலைத் தரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. அதன் ஒரு கிளை வங்கக்கடலைத் தாண்டி, பர்மாவைக் கடந்து, சீனத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள யுன்னான் மாநிலத்து மலைகளையும் நனைக்கிறது. அங்கே 3,000 மீட்டருக்கு மேலே, பனி உருகி மழை பிடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், மலைச்சரிவுகள் முழுவதும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே மேனாடுகளிலிருந்து மக்கள் குழுக்களாக வருகின்றனர். தாவரம் அறிந்த ஒருவர் வழிகாட்டியாக உடன் வருவார். கோயிலோ அரண்மனையோ அவர்களுக்கு இரண்டாம் பட்சம். கையில் உருப்பெருக்குக் கண்ணாடியோடு, விரல் நீளச் செடி ஒன்றின் முன் ஈர மண்ணில் முழந்தாளிட்டுக் கிடப்பார்கள்.

அவர்கள் கொண்டுவரும் பூப்பட்டியலில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். பியோனியா தெலவாயி, மக்னோலியா தெலவாயி, ஆஸ்மாந்தஸ் தெலவாயி, இன்கார்வில்லியா தெலவாயி. பூவல்லாத தேவதாரு இனம் ஒன்றுக்கும் ஏபிஸ் தெலவாயி என்றே பெயர். இந்தத் தெலவே மன்னரல்லர், பெருஞ்செல்வரல்லர். சீனத்தில் உழைத்து அங்கேயே மடிந்த ஒரு கத்தோலிக்கக் குரு.

ழான் மரி தெலவே 1834இல் இன்றைய பிரான்சின் சவோய் மலைநாட்டில், அபோந்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலையின் பிள்ளை. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1867இல் சீனம் சென்றார். இந்தச் சபை தமிழருக்குப் புதிதன்று. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், 1776இல் புதுச்சேரியில் கர்நாடக மிஷனின் பொறுப்பை ஏற்றவர்கள் இச்சபைக் குருக்களே. அக்குருக்களில் யாரை எங்கே அனுப்புவது என்பதைச் சபை முடிவு செய்யும். தெலவே புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டிருந்தால் தென்னார்க்காட்டு வெயிலில் அவர் என்ன சேகரித்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1881இல் விடுப்பில் தாயகம் வந்தபோது அவர் ஆர்மண்ட் தாவித் அடிகளாரைச் சந்தித்தார். தாவித் வேறு சபையினர். வின்சென்ட் தே பவுலின் மைந்தர். 1869இல் சிச்சுவான் மலையில் பாண்டா என்னும் கருவெள்ளைக் கரடியை மேனாட்டு அறிவியலுக்கு முதன்முதலில் அறிவித்தவர் இவரே. அதே மலையில் வெள்ளைக் கைக்குட்டைகளைத் தொங்கவிட்டதுபோல் பூக்கும் மரம் ஒன்றையும் கண்டார். அது இன்று அவர் பெயராலேயே தாவிதியா எனப்படுகிறது. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காகச் செடி சேகரிக்குமாறு தெலவேயைத் தூண்டியவர் தாவித்தான். ஒரு குரு மற்றொரு குருவிடம் சொன்ன அந்த ஒரு சொல் எத்தனை தூரம் சென்றது!

தெலவே யுன்னானுக்குத் திரும்பி, தாலி நகருக்கு வடகிழக்கே தாபிங்சி என்னும் சிற்றூரில் தங்கினார். பிற்காலத்தில் அப்பகுதிக்கு வந்த மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் கூலியாட்களையும் கோவேறு கழுதைகளையும் வரிசையாக அழைத்துச் சென்றனர். தெலவேக்கு அத்தகைய வசதி இல்லை. பெரும்பாலும் தனியாகவே நடந்தார். வழியில் கண்ட செடியைக் கவனமாகப் பறித்துத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, இடம், உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை எழுதிச் சேர்த்தார். தாம் விரும்பிய மலையொன்றைத் தமது தோட்டம் என்றே அழைத்த அவர், அதில் அறுபது முறை ஏறினார் என்பர்.

இந்த அறுபது முறை என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். புதிய மலைகளைத் தேடி ஓடுவது ஒரு வகை. ஒரே மலையைச் சித்திரையிலும் ஆடியிலும் ஐப்பசியிலும் பார்ப்பது வேறொரு வகை. சென்ற மாதம் இலையாக நின்றது இந்த மாதம் மொட்டு விட்டிருக்கும். மொட்டாக இருந்தது அடுத்த மாதம் விதையாகி இருக்கும். பங்கு மக்களை வீடுவீடாகத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பழகிய ஒருவருக்கு இது எளிதில் கைவந்திருக்கும்.

1888இல் அவரைக் கொள்ளைநோய் தாக்கியது. உயிர் பிழைத்தாரேயன்றி, உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, இடக்கை செயலிழந்தது. ஒரு கையால் செடியைத் தாளில் விரித்து அழுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பள்ளியில் இலை சேகரித்த பிள்ளைகள் அறிவார்கள். அவர் நிறுத்தவில்லை. ஓய்வுக்காகப் பிரான்சுக்குச் சென்றவர் மீண்டும் யுன்னானுக்கே வந்து, 1895 டிசம்பர் 31ஆம் நாள், இன்று குன்மிங் என வழங்கும் நகரில் இறந்தார். அவர் அனுப்பிய உலர்செடிகள் ஏறக்குறைய 2,00,000. அவற்றில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள். சுமார் 1,500 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. பாரிசில் அவற்றை ஆராய்ந்து பெயரிட்ட அட்ரியன் பிராஞ்சே என்னும் அறிஞர் 1900இல் இறந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. உலகப் புகழ்பெற்ற நீலப் பாப்பிப் பூவைத் தெலவே 1886லேயே சேகரித்து அனுப்பியிருந்தார். அதன் விதை மேனாட்டுத் தோட்டங்களை எட்டியதோ 1924க்குப் பிறகுதான். புகழும் வேறொருவரைச் சேர்ந்தது.

'அறிவியலுக்குப் புதியவை' என்று எழுதும்போது ஒரு தயக்கம் உண்டாகிறது. அம்மலைகளில் வாழும் பை, நாசி இன மக்களுக்கு அப்பூக்கள் புதியவையல்ல. தெலவேக்குப் பின் 1904இல் அங்கு வந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் பாரஸ்ட் ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டியது நாசி இனத்து உதவியாளர்களின் கண்ணாலும் காலாலும்தான். அவர்களின் தலைவரான ஜாவ் செங்ஜாங் என்பவரின் பெயரை மேனாட்டு நூல்கள் நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருந்தன.

அந்த மலைகள் அமைதியானவையும் அல்ல. 1905இல் திபெத்திய எல்லையில் அயலாருக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, மேக்கோங் ஆற்றங்கரையில் சிகூ என்னும் ஊரிலிருந்த முதிய குருவான துபெர்னார் கொல்லப்பட்டார். அவரோடு தங்கியிருந்த பாரஸ்ட் பல நாள் பட்டினியோடு காட்டில் ஒளிந்து தப்பினார். செடி சேகரிப்பில் தெலவேக்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்க சூலியே அடிகளாரும் அதே ஆண்டு அதே கலகத்தில் உயிரிழந்தார். ரோசா சூலியானா என்ற வெள்ளைக் காட்டுரோசா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று சுற்றுலாக் குழுவினர் தாலி நகருக்கு மேலுள்ள மலையில் கம்பிவட ஊர்தியில் ஏறுகின்றனர். நகருக்குள் பை மக்களின் கட்டடக்கலைப்படி, வளைந்த கூரையோடு அமைந்த கத்தோலிக்க ஆலயம் ஒன்று இருக்கிறது. பூப்பார்க்க வந்தவர்கள் அதையும் படமெடுத்துக்கொண்டு போவதுண்டு.

நம் மலைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவு மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் குற்றாலத்திற்கு வந்து செடிகளைச் சேகரித்தார். குற்றாலத் தாவரங்களைப் பற்றிச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் கட்டுரையும் எழுதினார். அவருக்காகப் பூக்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. ரங்கையாவின் பெயரால் ரங்கியா என்று ஒரு செடிப் பேரினமே உண்டு. சித்த மருத்துவர் கோடகசாலை என்னும் பூண்டு அதைச் சேர்ந்தது. கோவிந்துவின் பெயரையும் வைட் ஓர் ஆர்க்கிட் செடிக்குச் சூட்டினார். பின்வந்த அறிஞர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது.

குருக்களின் பணியும் இங்கே குறைந்ததன்று. 1895இல் இயேசு சபையார் கொடைக்கானலையடுத்த செண்பகனூரில் குருமாணவர் இல்லத்தோடு அருங்காட்சியகமும் தொடங்கினர். அங்கே அங்லாத் அடிகளார் பழநிமலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினா உலர்தாவரச் சாலையை நிறுவிய மத்தேயு அடிகளார், பழநிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். நம் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் அடிகளார், இருதயராஜ் என்னும் அறிஞரோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றி 1992இல் நூல் வெளியிட்டார். குற்றாலத்தில் பாறையிடுக்கில் நம் தோளில் உரசும் அந்தப் பெரணிகள்தாம். நம் வீடுகளில் எத்தனை பேர் இந்நூல்களைப் பார்த்திருப்போம்?

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பிப்ரவரி மாதத்தில் எங்கள் பங்கிலிருந்து ஒரு பேருந்து நிறையக் கொடைக்கானல் சென்றோம். பயண ஏற்பாடு என்னுடையது. ஒரே நாளில் ஒன்பது இடங்கள் என்று பட்டியலிட்டிருந்தேன். பூம்பாறை செல்லும் சாலையில் பேருந்து சற்றுப் பழுதாகி நின்றது. சாலையோரச் சோலையின் விளிம்பில், முறுக்கிய கிளைகளோடு ஒரு மரம். உச்சியெல்லாம் இரத்தச் சிவப்பாகப் பூங்கொத்துகள். கீரைக்கட்டோடு வந்த மலையூர் மூதாட்டியிடம், "இது என்ன மரம், அம்மா?" என்று கேட்டேன். "காட்டுப்பூவரசுங்க ஐயா. எங்க பாட்டி காலத்துலயும் இங்கேதான் நின்னுச்சாம்" என்றார். எங்களில் சிலர் இறங்கிப் பார்த்தார்கள். பலர் படகுத்துறை மூடிவிடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். நானும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பியபின் நூல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அந்தக் காட்டுப்பூவரசு ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நீலகிரியிலும் பழநிமலையிலும் அதன் ஒரு துணையினம், இலங்கையின் மலையுச்சிகளில் மற்றொன்று, இமயத்தில் வேறொன்று, யுன்னான் மலைகளில் இன்னொன்று. யுன்னானில் உள்ளதன் பெயர் தெலவாயி! சீனத்தில் அடிகளார் ஒற்றைக் கையோடு ஏறிய மலையின் சிவப்புப் பூவும், என் பேருந்து பழுதானதால் நான் கண்ட பூவும் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள். ஓடையோரம் பூக்கும் அனிமோனி ரிவுலாரிஸ் என்ற வெண்மலரும் இப்படியே தென்னக மலைகளிலும் சீனத்திலும் ஒருங்கே வளர்கிறது.

இடையில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெப்பச் சமவெளி கிடக்கிறது. இவை எப்படிக் கடந்து வந்தன? உலகம் குளிர்ந்திருந்த பனியூழிக் காலங்களில் இத்தகைய குளிர்நாட்டுச் செடிகள் தாழ்ந்த குன்றுகள் வழியாகத் தெற்கே பரவின. பின்னர் வெப்பம் ஏறியபோது கீழே இருந்தவை அழிய, உச்சிகளில் ஏறியவை மட்டும் தீவுகளைப்போல் தனித்து நின்றுவிட்டன என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். உச்சிக்கு மேல் ஏற இடமில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று சென்ற நூற்றாண்டில் அயல்நாட்டுச் சீகைமரமும் பைனும் தைலமரமும் நடப்பட்டு, அவை இயற்கைப் புல்வெளியை விழுங்கின. 1973க்கும் 2014க்கும் இடையே பழநிமலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். 2006இலும் 2018இலும் அது பூத்தபோது வண்டி வண்டியாகச் சென்ற கூட்டத்தில், பூவை ஒடித்துக் கையோடு கொண்டுவந்தவர்களை நான் அறிவேன்.

2030இல் குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டும். அதற்கு இப்போதே எங்கள் பங்கில் பேச்சு எழுந்துவிட்டது. இம்முறை ஒரே மலை, இரண்டு நாள், வழிகாட்டத் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் என்று நான் கேட்டிருக்கிறேன். இளைஞர் சிலர் சரி என்கிறார்கள். படகுத்துறையை விட்டுவிடுவதா என்பதில்தான் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.