ஆடாமல் கிடைத்த மோதிரம்

சிவகாசிப் பக்கம் சடுகுடு ஆடியவரா நீங்கள்? அப்படியென்றால் அமெரிக்க ஃபுட்பால் சட்டென்று பிடிபட்டுவிடும். பெயர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்! பந்தோடு ஓடுகிற ஆளை அமுக்கிச் சாய்ப்பவர் 'லைன்பேக்கர்'. பிராண்டன் சில்லர் அப்படி ஒருவர். அப்பா வழியில் இந்திய ரத்தம்.

2004-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ். 2008-ல் கிரீன்பே பேக்கர்ஸ். 2010 சீசன் பாதியிலேயே காயம், ஆட்டம் க்ளோஸ். அந்த சீசனில் பார்த்தா அதிர்ஷ்டம் வரவேண்டும்? 2011 பிப்ரவரி 6, சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. பேக்கர்ஸ் 31, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 25. ஜெயித்த அணிக்கு மோதிரம் போடுவார்கள், சில்லருக்கும் ஒன்று. விரலில் மாட்டும்போது கொஞ்சம் உறுத்தியிருக்காதா, சொல்லுங்கள்?

ஜூலையில் அணி அவரைக் கழற்றிவிட்டது. வயசு 28தான். இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு லீக் தொடங்கப் பணம் போட்டவர்களில் அவரும் உண்டு. 2012-ல் அதன் முதல் ஆட்டங்கள் நடந்த ஊர் எது தெரியுமா? கொழும்பு!