ஆர். ஐ. சுஜித்

ஆர். ஐ. சுஜித் என்பவர் பாய்ம இயக்கவியல், எரிதல் ஆகியவற்றை ஆயும் இந்திய வான்வெளிப் பொறியியலாளர். சென்னை அடையாற்றை ஒட்டியுள்ள இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர். அங்கேயே 1988 இல் இளநிலைப் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1994 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வு

ராக்கெட் பொறியிலும் வளிமச் சுழலியிலும் எரியும் பிழம்பு ஒலி அலைகளை எழுப்புகிறது. அவை எரிகலனின் சுவரில் மோதித் திரும்பிப் பிழம்பையே ஆட்டுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தூண்டினால் அதிர்வு பெருகிப் பொறியே சிதைந்துவிடும். நிலவுப் பயணத்துக்கான சாட்டர்ன் 5 ஏவூர்தியின் எஃப்-1 பொறிகள் சில, 1960களின் தொடக்கத்தில் சோதனை மேடையிலேயே இவ்வாறு அழிந்தன. தடுப்புத் தகடுகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தே அன்று தீர்வு காணப்பட்டது.

அதிர்வு முற்றியபின் அறிந்து பயனில்லை. எனவே சுஜித்தின் குழு அதற்கு முந்தைய இரைச்சலை ஆராய்ந்தது. பொருளற்றதாகக் கருதப்பட்ட அவ்விரைச்சலுக்கு ஒழுங்கின்மைக் கோட்பாடு கூறும் இயல்புகள் உண்டு என்றும், ஆபத்து நெருங்குகையில் அதனிடையே சீரான துடிப்புகள் விட்டுவிட்டுத் தோன்றும் என்றும் 2013, 2014 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டியது. குழப்பம் நீங்கி ஒழுங்கு பிறப்பதே இங்கு அபாய அறிகுறி என்பது வியப்புக்குரியது. அதனை உரிய நேரத்தில் கண்டுகொண்டால், எரிபொருள் அல்லது காற்றின் வரத்தை மாற்றிப் பொறியைக் காக்க வாய்ப்புண்டு.

இவ்வாய்வுகளைத் தொகுத்து, சமாதான் பவாருடன் இணைந்து 2021 இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார்.