பதித்த சொல்

எனக்கு லத்தீன் தெரியாது. இண்டர்மீடியட்டில் ரோம சரித்திரம் படித்தேன், அத்துடன் சரி. ஆனால் அகராதி புரட்டும் பழக்கம் மட்டும் விடவில்லை. ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடப் போய், எழுத உட்கார்ந்த கதையை மறந்துவிட்ட நாட்கள் பல.

கி.மு. 146-ல் ரோமர்கள் கொரிந்து நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். கிரேக்கர்கள் அடங்கினார்கள். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே கிரேக்கச் சொற்கள் ரோமாபுரியில் குடியேறிவிட்டன.

ரோமர்கள் ஆதியில் உழவர்கள். கடல் பிற்பாடு வந்த பழக்கம். ஆகவே நங்கூரத்துக்கு 'அங்கோரா', சுக்கான் பிடிப்பதற்கு 'குபெர்நாரே' என்று கிரேக்கர்களிடம் சொல் வாங்கினார்கள். கப்பலில் குமட்டுகிறதே, அதற்குப் பெயர் 'நாவுசியா'. 'நாவுஸ்' என்றால் கிரேக்கத்தில் கப்பல். குமட்டலுக்குக்கூட அடுத்த வீட்டில் சொல் கடன் வாங்க வேண்டியிருந்தது!

வந்த சொற்கள் வந்தபடியே இருக்கவும் இல்லை. 'ஸ்கொலே' என்றால் கிரேக்கனுக்கு ஓய்வு. ஓய்ந்த பொழுதில் உட்கார்ந்து விவாதிப்பது அவன் வழக்கம். விவாதத்துக்கும் அதே பெயர் ஆயிற்று. லத்தீனில் அது 'ஸ்கோலா', அதாவது பள்ளிக்கூடம். ஓய்வுதான் பள்ளிக்கூடம் என்றால் எந்தப் பையன் நம்புவான்? 'பொய்னே' என்பது கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பணம். லத்தீனில் 'போயெனா' ஆகி, தண்டனை என்று பொருள்பட்டது. ஆங்கிலத்தில் அதுவே 'பெயின்' ஆயிற்று. பணத்தால் தீர்த்த கணக்கு கடைசியில் வலியாக மாறிவிட்டது.

எல்லோரும் இப்படி வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுதப் புகுந்த சிஸரோ, சொல் இல்லாத இடத்தில் புதிதாகச் செய்தார். தன்மையைக் குறிக்க அவர் செய்த 'குவாலிடாஸ்'தான் இன்று ஆங்கிலத்தில் 'குவாலிடி'. ஆனால் அவரும் 'பிலொஸொபியா'வை அப்படியே வைத்துக்கொண்டார்.

கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுஸ் சக்கரவர்த்தி இன்னும் கண்டிப்பானவர். கிரேக்கம் சரளமாகப் பேசுவார். என்றாலும் செனட் சபையில் 'மொனொபோலியும்' என்று சொல்ல நேர்ந்தபோது, அந்நியச் சொல்லுக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாராம். இன்னொரு நாள் ஒரு தீர்மானத்தில் 'எம்ப்ளேமா' என்ற சொல் வந்தது. அதை எடுத்துவிட்டு லத்தீன் சொல் போடுங்கள், கிடைக்காவிட்டால் நாலு வார்த்தைகளில் சுற்றி வளைத்தாவது சொல்லுங்கள் என்றாராம். ஸுவெட்டோனியுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அதே திபேரியுஸின் பேச்சில் ஒரு சமயம் லத்தீன் அல்லாத சொல் வந்துவிட்டது. மர்செல்லுஸ் என்ற இலக்கண ஆசிரியர் குற்றம் கண்டுபிடித்தார். சபையில் ஒருவர், இதுவரை லத்தீன் இல்லாவிட்டாலும் இனிமேல் அது லத்தீன்தான் என்று இச்சகம் பேசினார். மர்செல்லுஸ் விடவில்லை. மனிதர்களுக்குக் குடியுரிமை தரச் சக்கரவர்த்தியால் முடியும், சொல்லுக்குத் தர முடியாது என்றார்.

தைரியசாலிதான். அவர் சொன்னதும் நிஜம். ஆனால் சக்கரவர்த்தியால் தர முடியாத குடியுரிமையை இலக்கண ஆசிரியரால் மறுக்கவும் முடியவில்லை. அதைக் கொடுக்கிறவர்கள் மாலுமிகள், அடிமைகள், சந்தையில் விலை பேசுகிறவர்கள். நாள்தோறும் வாயில் புழங்கிப் புழங்கியே கொடுத்துவிடுகிறார்கள். கதை எழுதுகிறவன் அவர்கள் வாயைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

'எம்ப்ளேமா' என்றால் பாத்திரத்தில் பதித்த சித்திர வேலை. நேர்ப் பொருள், 'உள்ளே பதித்தது'. பிடுங்கச் சொன்ன சக்கரவர்த்தி போய்விட்டார். 'எம்ப்ளம்' என்று ஆங்கிலத்திலும் ஏறி, பதித்த சொல் பதித்தபடியே இருக்கிறது.