காட்டிலிருந்து வங்கிக்கு

1950களில் சூழலியலாளர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. காட்டில் உயிரினங்கள் எவ்வளவு அதிகமோ, அவற்றின் உறவுகள் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றனவோ, அந்தக் காடு அவ்வளவு உறுதி. ஒரு இரை குறைந்தால் இன்னொன்றைத் தின்று பிழைத்துக்கொள்ளலாமே? சார்ல்ஸ் எல்டன் 1958இல் எழுதிய நூலில் இதற்கு ஆதாரங்களை அடுக்கினார். கேட்டால் ‘சரிதானே’ என்றுதான் தோன்றும்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ராபர்ட் மே. ஆஸ்திரேலியர், வேதிப் பொறியியலில் ஆரம்பித்து, இயற்பியலுக்குப் போய், சூழலியலுக்குத் தாவியவர். 1972இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை இரண்டு பக்கத்தைத் தாண்டாது. உயிரினங்களுக்கு இடையிலான உறவுகளை ஓர் அணியாக எழுதி, எண்களைக் குருட்டாம்போக்கில் நிரப்பினார். உயிரினங்கள், இணைப்புகள், இணைப்புகளின் வலு இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லை வருகிறது. அதைத் தாண்டினால் சின்ன அசைவுகூட அடங்காமல் பெருகி, மொத்தத்தையும் கலைத்துவிடும்.

அப்போ நிஜக் காடுகள் எப்படி நிற்கின்றன? அவை குருட்டாம்போக்கில் கோக்கப்பட்டவை அல்ல. மே கேள்வியையே மாற்றிவிட்டார்: எத்தனை இணைப்பு என்பதல்ல, எப்படிப்பட்ட இணைப்பு என்பதே விஷயம். வலுவற்ற உறவுகள், ஒன்றின் சேதம் மற்றதற்குப் பரவாத தனித்தனிக் குழுக்கள் என்று பின்னால் வந்தவர்கள் விடை தேடினார்கள்.

2008 பிப்ரவரியில் மே, சைமன் லெவின், ஜார்ஜ் சுகிஹாரா மூவரும் அதே ‘நேச்சரில்’ வங்கிகளைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவின் ஃபெட்வயர் பணப்பரிமாற்ற வலையில் ஆயிரக்கணக்கான வங்கிகள். ஆனால் ஒரு நாளில் புரளும் தொகையில் 75 சதவீதம் வெறும் 66 வங்கிகளிடம். ஒவ்வொரு வங்கியும் தன் ஆபத்தை அளக்கிறது, சரி. மொத்த வலையின் ஆபத்தை யார் அளப்பது? அந்த செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. அவர்கள் ஜோசியம் சொல்லவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். 2011இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஹால்டேனோடு சேர்ந்து மே அதையே இன்னும் விரித்து எழுதினார்.

என் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இரவு ஒரு சேவை கொஞ்சம் மெதுவானது. பதில் வராததால் அதை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டன. மெதுவாக இருந்தது, அந்தச் சுமையில் படுத்தேவிட்டது. மறுநாள் ஒவ்வொரு நிரலாகப் பிரித்துப் பார்த்தோம். எதிலும் பிழை இல்லை. அவற்றில் ஒன்று நான் எழுதியது. பாதுகாப்புக்காகத்தான் அப்படி எழுதியிருந்தேன்.