அரைப்பேர்

இலங்கையின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பக்கத்தில். கோப்பி மாண்டது, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியும் தோட்டத்து ஆட்களின் கணக்கு, அவர்களைத் திரட்டி வந்த கங்காணியின் கையைவிட்டு நகரவில்லை.

கங்காணிக்குத் ‘தலைக்காசு’ உண்டு. தன் ஆட்களில் எத்தனை பேர் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் காசு. மலையகம் கண்ட பழைய ஊக்கத்தொகை இதுதான். உழைத்தது ஒருவர், ஊக்கம் பெற்றது இன்னொருவர். லயத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடப்பவரையும் மலைக்கு ஏற்ற அதில் ஆசை இருந்தது. ஆளின் பேரில் இருந்த கடனைக் கட்டினால் அவரை விடுவதாகத் தோட்டத் துரை எழுதித் தந்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கடன் கூடவே போனது. 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

1929இல் குறைந்தபட்ச நாட்கூலி வந்தது: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கொழுந்து ஆய்ந்த கைகளோ பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்களின் கூலி ஆண்களுடையதற்குச் சமமாவதற்கு 1984 வரை ஆனது.

நாட்கூலி என்று பேர்தான், உள்ளே ஓடியது நிறைக் கணக்கு. நாளுக்கென்று குறித்த நிறையான ‘நோம்’ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் கூலி. மிஞ்சிய கொழுந்துக்குத் தனிக்காசு. கூடை சுமந்தவளுக்கு இதில் நியாயம் தெரியாமல் இல்லை, அதிகம் ஆய்ந்தவள் அதிகம் பெறட்டும். சண்டை மூண்டது தராசடியில். சாக்குக்குக் கழிவு, மழைநாளில் ஈரத்துக்குக் கழிவு. ஈரக் கொழுந்து கனக்கும் என்பது உண்மை. எவ்வளவு கனக்கும் என்று சொன்னவர் கணக்கப்பிள்ளை ஒருவரே என்பதும் உண்மை.

ஊவாவுக்கு இன்னொரு சங்கடம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போதுதான் இங்கத்தைய தேயிலைக்கு உலகம் தேடும் மணம் ஏறும். அதே காற்றில் கொழுந்து அருகிப்போகும். சந்தையில் விலை உயரும் மாதங்களில் அவள் கூடை ஏறாது. நோமை அப்போது இறக்காவிட்டால், மணத்தைத் தந்த கைக்கே அரைப்பேர் விழும்.

2016 கூட்டு ஒப்பந்தத்தின் நாட்கூலி 730 ரூபாவில் அடிப்படை 500 மட்டுமே. 140 உற்பத்தித்திறனுக்கு, 60 வருகைக்கு, 30 விலைப் பங்கு. நோம் எட்டாத நாளில் அந்த 140 கையில் வராது. அடிப்படைச் சம்பளமே 1,000 ஆக வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு இது ஒரு காரணம். 2019 ஒப்பந்தம் உற்பத்தித்திறன், வருகைக் கொடுப்பனவுகளை எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கியது. 2021இல் சம்பளச் சபை 1,000 ரூபாவை அறிவித்ததும் பல தோட்டங்களில் நோம் கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். தொகை சட்டத்தில் இருந்தது, கிலோ நிர்வாகத்தின் வாயில் இருந்தது.

அந்தக் கிலோவை இரு தரப்பும் உட்கார்ந்து குறிக்கலாகாதா? ஊவாவுக்கு அது புதிய யோசனையல்ல. 1940 வேலைநிறுத்த அலையில், பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசியே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார்.