பனிச் சாலையில் ஓர் ‘அல்லது’: சங்கிலி, குளிர்கால டயர், நான்கு சக்கர இயக்கம்

காஷ்மீரில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க்கிற்கு ஏறும் சாலையிலும், இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு வடக்கே அடல் சுரங்கப் பாதையை நோக்கிச் செல்லும் சாலையிலும் பனி பொழியும் நாட்களில் ஏறத்தாழ ஒரே அறிவிப்புதான் வெளியாகிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்கள் அல்லது சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வாகனங்கள் மட்டுமே மேலே செல்லலாம் என்பது அதன் சாரம். இடையில் நிற்கும் ‘அல்லது’ என்னும் சொல், இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடானவையாக ஆக்கிவிடுகிறது. நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர் தமக்குச் சங்கிலி வேண்டியதில்லை, குளிர்கால டயரும் வேண்டியதில்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார். இம்மூன்று கருவிகளின் நூற்றிருபது ஆண்டு வரலாறோ இதற்கு நேர்மாறாகச் சான்று கூறுகிறது.

இந்தியாவில் இக்கேள்வி பொதுமக்களுடையதாக மாறியது அண்மையில்தான். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோஹ்தாங் கணவாய் ஆண்டில் ஏறக்குறையப் பாதிக் காலம் பனியால் மூடிக் கிடந்தது. குளிர்காலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலாக் கார் செல்வது நினைத்துப் பார்க்க இயலாத ஒன்று. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் திறக்கப்பட்ட பின் நிலைமை மாறியது. டில்லியிலும் சண்டிகரிலும் வாங்கப்பட்ட வண்டிகள், சமவெளிக்கான டயர்களோடு டிசம்பர் மாதத்தில் மூவாயிரம் மீட்டர் உயரத்திற்குச் செல்லத் தொடங்கின. இறக்கத்தில் அவை கட்டுப்பாடின்றி வழுக்கிச் செல்லும் காணொளிகள் இன்று ஆண்டுதோறும் பரவுகின்றன.

மூன்று கருவிகளுள் முதலில் வடிவம் பெற்றது சங்கிலி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வாகன ஓட்டிகள் சேற்றிலும் பனியிலும் சிக்காதிருக்கக் கயிற்றையும் கொடியையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டனர். நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா ஊரைச் சேர்ந்த ஹாரி டி. வீட், கயிற்றின் இடத்தில் இரும்புச் சங்கிலியை வலைபோல் அமைத்து, 1904 ஆகஸ்டு 23 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. டயரின் இரு பக்கங்களிலும் ஓடும் சங்கிலிகளைக் குறுக்குச் சங்கிலிகள் இணைக்கின்றன. வண்டியின் எடை அக்குறுக்குச் சங்கிலிகள் மீது குவிவதால் அவை பனியை அழுத்திப் பிளந்து பிடிமானம் தருகின்றன. பனியில்லாத தார்ச் சாலையில் அதே சங்கிலி சாலையையும் தன்னையும் தேய்த்துக்கொள்ளும். அறுந்தால் சக்கர மேற்கவசத்தையும் கிழிக்கும். ஆகவே அது மெதுவாகச் செல்ல வேண்டிய குறுகிய தொலைவுக்கு உரிய கருவி.

குளிர்கால டயர் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. பின்லாந்தில் பனி ஒரு நாள் நிகழ்ச்சியாக இல்லாமல் பல மாத வாழ்க்கையாக இருந்தது. ஒவ்வொரு பயணத்திற்கும் சங்கிலியைப் பூட்டிக் கழற்றுவது சரக்கு வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. நோக்கியா நகரில் இயங்கிய ரப்பர்த் தொழிற்சாலை, 1934-இல் சரக்கு வண்டிகளுக்காகக் ‘கெலிரெங்காஸ்’ என்னும் குளிர்கால டயரை உருவாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கார்களுக்கான ‘ஹக்கபெலீட்டா’ வந்தது. முப்பதாண்டுப் போரில் பங்கேற்ற பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. தொடக்கத்தில் புதுமை முழுவதும் டயரின் ஆழமான வரிப்பள்ளங்களிலேயே இருந்தது. பின்னர் டயரில் உலோக ஆணிகள் பதிக்கும் முறை பரவியது.

ஆணி டயரின் வரலாறு ஜப்பானில் எதிர்பாராத திருப்பம் கண்டது. பனி உருகிய நாட்களில் ஆணிகள் சாலையைச் சுரண்டின. செண்டாய் முதலிய நகரங்களில் அந்தத் தூசி காற்றில் கலந்து பொதுநலச் சிக்கலாயிற்று. 1990-இல் ஜப்பான் ஆணி டயரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஆணியின்றியே பனிக்கட்டியைப் பற்றும் ரப்பருக்கான தேடல் அதற்கு முன்பே வேகம் பெற்றிருந்தது. 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் வெளியிட்ட ‘பிலிசாக்’ அத்தேடலின் விளைவுகளுள் ஒன்று. அதன் ரப்பரில் நுண்துளைகள் இருந்தன. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் அக்குளிரிலும் நெகிழ்வாகவே இருக்கிறது. அந்த நெகிழ்வே அதன் வலிமை. கோடையில் அதே நெகிழ்வு விரைந்த தேய்மானமாகிறது.

நான்கு சக்கர இயக்கம் சாதாரணக் காருக்கு வந்தது இவை இரண்டுக்கும் பின்னரே. பிரிட்டனின் ஜென்சன் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட எஃப்எஃப் கார் இவ்வகையில் முன்னோடி. அக்காரில் நான்கு சக்கர இயக்கத்தோடு, விமானங்களுக்காக உருவாக்கப்பட்ட டன்லப் மேக்சரெட் என்னும் சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக்கும் இடம்பெற்றிருந்தது. முன்செலுத்துவதும் நிறுத்துவதும் தனித்தனிச் சிக்கல்கள் என்னும் தெளிவு அந்த வடிவமைப்பிலேயே தெரிகிறது. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோ இத்தொழில்நுட்பத்தைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. 1986-இல் பின்லாந்தின் கைப்போலா பனித்தாவல் மேடையில் ஆடி 100 குவாட்ரோ ஒன்று செங்குத்தாக ஏறிய விளம்பரம் உலகெங்கும் பேசப்பட்டது. பார்த்தவர் மனத்தில் நின்றது நான்கு சக்கர இயக்கம். அந்தக் காரின் டயர்களில் ஆணிகள் பதிக்கப்பட்டிருந்தன என்பது அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. இன்றைய தவறான புரிதலின் வேர் இத்தகைய மறதியில்தான் இருக்கிறது.

இயற்பியல் இதைச் சுருக்கமாக விளக்கிவிடுகிறது. நான்கு சக்கர இயக்கம் எஞ்சினின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருகிறது; ஏறவும் புறப்படவும் அது பேருதவி. நிறுத்தும்போது நிலைமை வேறு. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. அங்கே இவ்வண்டிக்குத் தனிச் சலுகை இல்லை. உலர்ந்த தார்ச் சாலையின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8, இறுகிய பனியில் சாதாரண டயருக்கு ஏறத்தாழ 0.2, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் அழுத்திய பின் உலர்ந்த சமதளத்தில் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 32 மீட்டர் வேண்டும். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் இறங்கும்போது 63 மீட்டர் வேண்டும். அதே சரிவில் பனிக்கட்டி இருந்தால், இழுக்கும் புவியீர்ப்பும் தடுக்கும் உராய்வும் சமமாகிவிடுகின்றன. கார் நிற்பதே இல்லை. ஏற்றத்தில் ஒரு தடையும் இன்றி வந்த வண்டி இறக்கத்தில் கைவிடுவதன் காரணம் இதுவே. ஏறும்போது கிடைத்த தன்னம்பிக்கை, அச்சாலையின் வழுக்கலை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

பனியோடு நெடுங்காலம் வாழ்ந்த நாடுகளின் விதிகள் இந்த அறிவைத் தாங்கியுள்ளன. கலிபோர்னியாவின் மலைச் சாலைகளில் மூன்று படிகள் உள்ளன. இரண்டாம் படியில் நான்கு சக்கர இயக்க வண்டிக்குச் சங்கிலி பூட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நான்கு சக்கரங்களிலும் பனிக்குரிய டயர் இருக்க வேண்டும், சங்கிலியும் வண்டிக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் படியில் எவருக்கும் விலக்கில்லை. ஜெர்மனியில் பனிக்காலச் சாலை நிலைகளில் குளிர்காலத்திற்குரிய டயர் கட்டாயம். சங்கிலிச் சின்னம் கொண்ட நீல நிறப் பலகை இருக்கும் சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டியும் சங்கிலி பூட்டியே செல்ல வேண்டும். சங்கிலியோடு செல்வதற்கான உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்.

இனி, இந்தியச் சூழலில் எதைத் தேர்வது? விடை வண்டியைவிட வாழ்விடத்தையே பொறுத்தது. காஷ்மீர மக்கள் டிசம்பர் 21 தொடங்கி வரும் கடுங்குளிரை 40 நாள் ‘சில்லை கலான்’ என்றும், அதைத் தொடரும் 20 நாட்களையும் 10 நாட்களையும் தனித்தனிப் பெயரிட்டும் அழைக்கின்றனர். அந்த எழுபது நாட்களும் அங்கேயே வண்டி ஓட்டுபவருக்கு, கேலாங்கிலும் லேயிலும் வாழ்பவருக்கு, நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயர் என்பதே பொருத்தமான முதலீடு. நாள்தோறும் சில மணி நேரம் பனியும் சில மணி நேரம் வெறும் தாரும் மாறிமாறி வரும் சாலையில் சங்கிலி ஒத்துவராது. சமவெளியிலிருந்து மூன்று நாள் பயணமாகச் செல்பவருக்கோ சங்கிலியே தக்கது. சமவெளியின் வெப்பத்தில் குளிர்கால டயர் வீணே தேயும்; இந்தியக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதும் இல்லை.

டயரின் பக்கத்தில் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் இருப்பது மட்டும் போதாது. அது பெரும்பாலும் வரிப்பள்ள அமைப்பைக் குறிப்பது. மூன்று மலைமுகடுகளுக்குள் பனித்திவலை பொறித்த சின்னமே பனியில் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். அச்சின்னம் இருந்தாலும், நிறுத்தும் தொலைவை ஓட்டுநர் தாமே குறைந்த வேகத்தால் காத்துக்கொள்ள வேண்டும். சங்கிலியை எந்தச் சக்கரங்களில் பூட்டுவது என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சில டயர் அளவுகளுக்குச் சங்கிலியே கூடாது என்றும் சொல்லும். அதை வீட்டிலேயே படித்து, ஒருமுறை பூட்டிப் பழகிவிட்டுப் புறப்படுவது நலம். உறைந்த விரல்களோடு சாலையோரத்தில் கற்கும் பாடம் அன்று அது.

வீட்டின் சங்கிலியும் பின்லாந்தின் டயரும் பிடிமானம் என்னும் ஒரே சிக்கலுக்கு இரு காலங்கள் தந்த விடைகள். அவற்றிடையே ‘அல்லது’ என்று எழுதலாம். நான்கு சக்கர இயக்கம் அந்த வரிசையைச் சேர்ந்ததன்று. அதனுடன் அவ்விரண்டில் ஒன்றை ‘உம்’ என்னும் இடைச்சொல்லால்தான் சேர்க்க வேண்டும். தங்மார்க்கிலும் மணாலியிலும் வெளியாகும் அறிவிப்பில் அந்த ஒரு சொல் மாறுமானால், இறக்கத்தில் சில குடும்பங்களாவது பத்திரமாக வீடு திரும்பும்.