செபக் கடமையும் நேரத்தின் உடைமையும்: யூதச் சட்டம் பற்றிய ஒரு குறிப்பு

சமயக் கடமைகள் யாவர்க்கும் பொதுவானவை என்பது பரவலான எண்ணம். எனினும், ஒரு கடமை எவர்மீது சுமத்தப்படுகிறது, எவர் அதிலிருந்து விலக்கப்படுகின்றனர் என வினவும்போது அதன் பின்னாலுள்ள சமூக உறவுகள் புலப்படத் தொடங்குகின்றன. யூதச் சட்டத்திற் செபம் பெறும் இடத்தை இந்நோக்கிலேயே ஆராய முற்படுகின்றோம்.

கி.பி. 200 அளவில் றபி யூதா ஹநாசியின் தலைமையிலே தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, பெண்கள், அடிமைகள், சிறுவர் ஆகியோரை ஒரே நிரலில் வைக்கிறது. காலையும் மாலையும் ஓதப்படும் ‘ஷெமா’ என்னும் நம்பிக்கை அறிக்கையிலிருந்து இவர்களுக்கு விலக்குண்டு. ஆனால், மன்றாட்டாகிய செபம் இவர்களுக்கும் கடமையாகும். முரணெனத் தோன்றும் இவ்விதிக்கு, செபம் இரக்கத்தை வேண்டுவது என்பதே தல்மூத் தரும் விளக்கம். இரக்கம் வேண்டும் தேவையை அடிமைக்கும் மறுக்க முடியவில்லை எனலாம்.

குறித்த வேளையிற் செய்தற்குரிய கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்களிப்பது மிஷ்னாவின் பொதுவிதி. பெண்ணுக்குரிய கடமைகளே அடிமைக்கும் உரியவை எனத் தல்மூத் கூறும். இவ்விலக்கிற்கான காரணத்தை வெளிப்படையாக உரைத்தவர்களுள் ஒருவர், 14ஆம் நூற்றாண்டிலே செவில் நகரில் வாழ்ந்த தாவீது அபூதர்ஹாம். கணவனின் பணிக்குக் கட்டுப்பட்ட பெண், இறைகட்டளையை உரிய வேளையில் நிறைவேற்றப் புகின் இருவர் ஏவல்களுக்கிடையே அகப்படுவாள் என்பது அவர் வாதம். அதாவது, அவளது நேரம் அவளுடையதன்று.

கூலியாளர் நிலையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மரத்தின்மீதோ கட்டப்படும் சுவரின்மீதோ இருந்தவாறே தொழிலாளர் ஷெமாவை ஓத மிஷ்னா இசைவளிக்கிறது. கூலிக்கு உழைப்போர் சுருக்கிய செபத்தையும், உணவுக்காக மட்டும் உழைப்போர் முழுச் செபத்தையும் சொல்லவேண்டுமெனத் தல்மூத் வகுக்கிறது. விலைக்கு வாங்கப்பட்ட நேரம் செபத்தின் நீளத்தையே நிர்ணயிக்கிறது.

ஆயின், சட்டத்தைப் பொருளாதார உறவுகளின் வெறும் நிழலாகக் கொள்வது பொருந்தாது. நாளாந்த செபம் தோராவின் கட்டளையென்றும், அதற்கு வேளை குறிக்கப்படாமையாற் பெண்களும் அடிமைகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்களென்றும் 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார். விலக்கிற்குக் காரணமான அதே தருக்கம் இங்கு கடமையை நிறுவுவதற்கும் பயன்பட்டது.

விலக்கைச் சலுகையாக மட்டும் கருதுதல் தவறாகும். ஒரு கடமைக்கு உட்படாதவர் அதைப் பிறர்க்காக நிறைவேற்ற இயலாதென்பது மிஷ்னா விதி. எனவே, விலக்குப் பெற்றோர் பொதுவழிபாட்டிலே தலைமைதாங்கும் தகுதியையும் இழந்தனர். பொதுச் செபத்துக்கு வேண்டிய பத்துப்பேரிலும் பெண்கள் எண்ணப்படவில்லை. அமெரிக்கக் கொன்சர்வேற்றிவ் யூதப் பிரிவின் சட்டக்குழு 1973இல் அவர்களையும் எண்ணலாமென அனுமதித்தது. 2014இல், பெண்களும் ஆண்களும் கடமையிற் சமமானவர் என்ற தீர்ப்பை ஏற்றது. மரபுப் பிரிவினர் இவற்றை ஏற்றிலர்.

உரிமை வேண்டி நின்ற பெண்கள் கடமையையே கேட்டுப் பெறவேண்டியிருந்தமை மனங்கொளத்தக்கது. கடமை ஏற்கத்தக்கவராக மதிக்கப்படுவதற்கு, முதலிற் தம் நேரத்துக்கு உடையவராக ஏற்கப்படவேண்டும். செபம் பற்றிய இவ்விவாதத்தின் உட்கிடை இதுவே என்பது எமது துணிபு.